‘ஓரமாப் போட்டு வைங்கண்ணா, கூப்புடறோம்!’ - ஆலை வாசலில் காத்திருக்கும் லாரி டிரைவரின் நேரம் யார் கணக்கில்?

கோவை அவிநாசி ரோட்டிலோ, நீலாம்பூர் - மதுக்கரை எல் அண்ட் டி பைபாஸிலோ காலை நேரத்தில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் வரிசையாக லாரிகள். டயருக்கு அடியில் கல். கேபின் கதவில் லுங்கி காய்ந்துகொண்டிருக்கும். வண்டி நிழலில் ஒருவர் அடுப்பு மூட்டியிருப்பார், இல்லையென்றால் தார்ப்பாயை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். பார்க்கிற நமக்கு, “டிரைவர் ரெஸ்ட் எடுக்கிறார் போல” என்று தோன்றும்.

பல நேரம் அது ரெஸ்ட் இல்லை. பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு மில்லிலோ, ஃபவுண்டரியிலோ, குடோனிலோ லோடு ஏற்றவோ இறக்கவோ அவர் காத்திருக்கிறார். கேட்டில் செக்யூரிட்டி சொல்லியிருப்பார்: “ஓரமாப் போட்டு வைங்கண்ணா, கூப்புடறோம்.” எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று செக்யூரிட்டிக்கும் தெரியாது. ஆனால், கூப்பிடும்போது வண்டியில் ஆள் இல்லையென்றால் டோக்கன் போய்விடும். அதனால் தூங்கவும் முடியாது, ஊருக்குள் ஒரு எட்டு போய்ச் சாப்பிட்டு வரவும் முடியாது.

இந்த நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? சுருக்கமான பதில்: பெரும்பாலும் யாரும் இல்லை. ஏன் இப்படி, இதை மாற்ற வழி இருக்கிறதா என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

என் தாய்மாமா சங்ககிரியில் ஒரே ஒரு லாரி வைத்திருந்தார். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டுக்கு வீடு லாரி, ரிக், டேங்கர் என்று ஏதோ ஒரு சக்கரம் உருளும். மாமாவிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். டீசல், டோல், பஞ்சர், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் கொடுத்த மாமூல், டிரைவர் படி என்று எல்லாவற்றுக்கும் வரி இருக்கும். காத்திருந்த நேரத்துக்கு மட்டும் வரியே கிடையாது.

பள்ளி லீவில் ஒருமுறை அந்த லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். ஒரு ஆலையில் லோடு. பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சரக்கு ரெடி இல்லை, அப்புறம் சாப்பாட்டு நேரம், அப்புறம் லோடுமேன் ஷிப்டு மாறும் நேரம், அப்புறம் பில் போடுகிறவர் வரவில்லை. ஒவ்வொரு முறை வரிசை நகரும்போதும் டிரைவர் எழுந்து வண்டியை முப்பது அடி முன்னே விட்டு நிறுத்துவார். லோடு முடிந்து வெளியே வந்தபோது இரவு பதினொன்றரை. அதற்கப்புறம்தான் அந்தக் கட்டளை: “காலைல சென்னைல சேர்க்கணும்.”

ஆத்தூர் தாண்டியதும் டிரைவர் என்னிடம் சொன்னார்: “ஏதாச்சும் பேசிக்கிட்டே வா கண்ணு, தூக்கம் தள்ளுது.” நான் பேசிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் இருந்து ‘சும்மா’ இருந்தவருக்கு ராத்திரி ஏன் தூக்கம் வருகிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

15 நிமிடம் வரைக்கும்தான் வேலை!

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம் டிரைவர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நீண்ட தூர ஓட்டம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘வேலை நேரம்’ என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். முதலாளியோ, அவரது சேவையைக் கேட்க உரிமையுள்ள வேறொருவரோ சொன்னபடி கேட்க வேண்டிய நிலையில் தொழிலாளி இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் என்று தாராளமாகத்தான் ஆரம்பிக்கிறது. அதற்குள் எவையெல்லாம் அடங்கும் என்று பட்டியல் போடும்போதுதான் சிக்கல். வண்டி ஓடும் நேரம், அதைச் சார்ந்த வேலைகளுக்கான நேரம், அப்புறம் முனையங்களில் ‘வெறுமனே காத்திருக்கும் நேரம், 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்’.

அதாவது 14 நிமிடம் காத்திருந்தால் அது வேலை. 14 மணி நேரம் காத்திருந்தால்? பட்டியலில் அதற்கு இடமில்லை.

என் வாசிப்பில் இது பஸ்ஸை மனதில் வைத்து எழுதிய வாசகம். பஸ் ஸ்டாண்டில் அடுத்த டிரிப்புக்காக நிற்கும் கண்டக்டருக்கு 15 நிமிடம் என்பது பொருத்தமாகக்கூட இருக்கலாம். ஆலை வாசலில் நிற்கும் லாரிக்கு அது பொருந்தவே இல்லை. முதல் பாதியின் தாராளத்தை வைத்து ஒரு நல்ல வக்கீல் டிரைவருக்காக வாதாடலாம்தான். ஆனால், ஒரு நடை லோடுக்காக எந்த டிரைவர் கோர்ட்டுக்குப் போவார்?

இந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது ‘தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல்’ சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அறுபது வருடம் கழித்து எழுதும்போதாவது இந்த 15 நிமிடத்தை யோசித்திருக்கலாம். அதே கோடு அப்படியே தொடர்கிறது. இன்னொன்றும் நடந்தது. பழைய சட்டம் 5 தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்தும். புதியது 10 பேர் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊர் லாரித் தொழிலில் பெரும்பகுதி ஒன்று, இரண்டு, நான்கு வண்டி வைத்திருப்பவர்கள்தான். என் மாமா மாதிரி ஆட்களிடம் வேலை பார்க்கும் டிரைவர் பழைய சட்டத்துக்கும் வெளியே, புதிய சட்டத்துக்கும் வெளியே.

சம்பள முறையும் இதற்கு ஏற்ற மாதிரியே அமைந்திருக்கிறது. டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் ஒரு பங்கு. ஓடினால் காசு. நின்றால் இல்லை. மாதத்தில் எட்டு நடை அடிக்க வேண்டியவர் காத்திருப்பால் ஆறு நடைதான் அடித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாசி வருமானம் போயிற்று. ஓனருக்கும் இதே கதைதான். லாரி நிற்கிறது என்பதற்காக ஃபைனான்ஸ்காரர் தவணையை நிறுத்திவைக்க மாட்டார்.

ரயில் பெட்டிக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை

இனி வடகோவை கூட்ஸ் ஷெட்டுக்கு வாருங்கள். சரக்கு ரயில் வந்து நிற்கிறது. அதில் உள்ள சரக்கை இறக்க ரயில்வே ஒரு இலவச நேரம் தரும். அது தாண்டினால் ‘டெமரேஜ்’. ஒரு வேகனுக்கு ஒரு மணி நேரத்துக்கு 150 ரூபாய் என்பது அடிப்படைக் கட்டணம். ஒரு ரயிலுக்கு நாற்பதுக்கும் மேலே வேகன்கள். பெருக்கிப் பாருங்கள், சரக்குக்காரருக்கு ஏன் வியர்க்கிறது என்று புரியும். கப்பலுக்கும் இப்படி ஒரு கணக்கு நூற்றாண்டுகளாக இருக்கிறது.

வேகன் ஒரு நிமிடம்கூட வீணாக நிற்கக் கூடாதென்றால் என்ன செய்வார்கள்? ரயில் வருவதற்கு முன்பே லாரிகளை வரவழைத்து நிறுத்திக்கொள்வார்கள். ரயில் தாமதமானால் லாரிகள் நிற்கும். வேகனின் நேரத்துக்கு விலை இருப்பதால் அது காப்பாற்றப்படுகிறது. லாரியின் நேரத்துக்கு விலை இல்லாததால் அது செலவழிக்கப்படுகிறது. ஒரே ஷெட், ஒரே சரக்கு.

ஆலை வாசலில் நடப்பதும் இதுதான். நூலோ, பம்புசெட்டோ, காஸ்டிங்கோ உற்பத்தி முடியும் முன்பே லாரியைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வதில் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. இறக்கும் பக்கம் குடோன் நிரம்பி வழிகிறதா? சரக்கு லாரியிலேயே ரெண்டு நாள் இருக்கட்டும். மாசக் கடைசியில் விற்பனைக் கணக்கு காட்ட ஒரே நாளில் இருபது லோடு அனுப்புவார்கள். வாங்குகிற இடத்தில் ஒரு நாளைக்கு ஐந்துதான் இறக்க முடியும். மிச்சம் பதினைந்து லாரிகளும் சக்கரம் வைத்த இலவச குடோன்களாக ரோட்டில் நிற்கும்.

கெட்டுப்போகும் சரக்குக்கு மட்டும் ஓரளவு மரியாதை உண்டு. நாமக்கல் முட்டையையோ பால் டேங்கரையோ யாரும் நாள் கணக்கில் நிறுத்திவைப்பதில்லை. இரும்பும் சிமென்ட்டும் பொறுத்துக்கொள்ளும். டிரைவரும் பொறுத்துக்கொள்வார் என்ற கணக்கு.

கேரளாவில் ‘நோக்குகூலி’ என்று ஒன்று இருந்தது. சரக்கை யாரோ இறக்க, சும்மா நின்று பார்த்த சுமைத் தொழிலாளர்களுக்குக் கூலி. அநியாயம் என்று எல்லோரும் திட்டி, 2018 மே 1 முதல் அந்த மாநில அரசே தடை செய்தது. நம்மூர் டிரைவர் அதற்கு நேர் எதிர். பார்த்துக்கொண்டு நிற்பதே அவர் வேலை, கூலிதான் கிடையாது.

‘ஹால்டிங்’ கேட்கலாமே?

கேட்கலாம். ஒரு நாளுக்கு மேல் நின்றால் ‘ஹால்டிங்’ தருவது லாரித் தொழிலில் பழக்கத்தில் இருப்பதுதான். ஆனால், அது பழக்கம், சட்டம் இல்லை. எப்போது வந்தாய் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். கேட்டில் பதிவு போடுவது வண்டி உள்ளே நுழையும்போதுதான், வெளியே வந்து நின்றபோது இல்லை. புக்கிங் ஏஜென்ட் நடுவில் நிற்பார். அழுத்திக் கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது, ரிட்டர்ன் காலியாகத்தான் வர வேண்டும். போராடி வாங்கினாலும் அந்தக் காசு ஓனர் கைக்குத்தான் போகும். அதில் டிரைவருக்கு எவ்வளவு என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. ஓனர் வீட்டுப் பையனாகவே இதைச் சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை, சரக்கின் காகிதத்துக்குக் கடிகாரம் உண்டு. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள். கோவையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர் என்றால் மூன்று நாள். இறக்குமிடத்தில் காத்திருக்கும்போதும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நேரத்தில் நீட்டிக்காவிட்டால் அபராதம். லாரியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. வண்டி பாதை மாறினால், டீசல் குறைந்தால், டிரைவர் டீக்கடையில் அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் உடனே போன் வரும். அதே ஜி.பி.எஸ். அவர் கேட்டுக்கு வெளியே பதினாறு மணி நேரம் நின்றதையும் பதிவு செய்துதான் வைத்திருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

இது வெறும் கூலிப் பிரச்னையா?

இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. லோடு ஏற்றி இறக்கும் இடத்தில் லாரி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் கூடும் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். நம் சட்டமும் 15 நிமிடக் கோட்டில் நிற்பது தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது. நின்ற நேரத்தை ஈடுகட்ட டிரைவர் வேகமாக ஓட்டுகிறார், தூக்கத்தை விட்டு ஓட்டுகிறார். ஆத்தூர் தாண்டி நான் பார்த்தது அதைத்தான். எதிரே வரும் காரில் இருப்பது நீங்களாகவும் இருக்கலாம்.

மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு 2025-ல் ஏ.சி. கட்டாயம் ஆகியிருக்கிறது. நல்ல விஷயம். தேசிய நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்காக 1,000 ஓய்வு இல்லங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். அதுவும் நல்லதே. ஆனால், டிரைவர் வெந்து சாவது ஓடும்போது இல்லை, நிற்கும்போது. இன்ஜின் ஓடினால்தான் ஏ.சி. ஓடும், நிற்கும் வண்டியில் டீசல் எரிக்க எந்த ஓனர் விடுவார்? ஓய்வு இல்லம் நெடுஞ்சாலையில் இருக்கும், வண்டி நிற்பது ஆலை வாசலில். பல ஆலைகளில் உள்ளே போய் டாய்லெட்கூடப் பயன்படுத்த முடியாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

சரி, முதலாளிகள் தரப்பில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரே ஒரு கிரேன், நான்கு லோடுமேன்களை வைத்து நடத்தும் சின்னப் பட்டறைக்காரர் பத்து லாரிக்கு ஒரே நேரத்தில் லோடு ஏற்ற முடியாது. நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் எல்லா லாரியும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. சொன்ன நேரத்துக்கு வராத டிரைவர்களும் உண்டு. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால், வந்த நேரத்தை எழுதி ஒரு சீட்டு கொடுக்க கிரேன் தேவையில்லை. சின்னப் பட்டறைக்கு இலவச நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். நேரத்துக்கு வராத லாரிக்கு ஹால்டிங் கிடையாது என்றும் சொல்லலாம். கணக்கே வேண்டாம் என்பதுதான் ஏற்க முடியாதது.

“இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்காதுங்க” என்பவர்களுக்கு வாளையாரை நினைவுபடுத்துகிறேன். கோவை - பாலக்காடு சாலையில் கேரள வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றது நினைவிருக்கும். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, அங்கேயே தூங்கினார்கள். அது விதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சாவடி போயிற்று, அந்த வரிசையும் போயிற்று. டோல்கேட்டிலும் ஃபாஸ்டேக் வந்து நேரம் குறைந்தது. அரசு தனக்கு வர வேண்டிய காசு விஷயத்தில் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டது. மிச்சம் இருப்பது தனியார் கேட்.

பிரேசில் என்ன செய்தது?

நம்மைப் போலவே லாரியை நம்பி வாழும் நாடு பிரேசில். அங்கே 2015-ல் கொண்டுவந்த சட்டம், லாரி வந்து சேர்ந்ததிலிருந்து 5 மணி நேரத்துக்குள் ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்கிறது. தாண்டினால் ஒரு டன்னுக்கு ஒரு மணி நேரத்துக்கு 1.38 ரியல் தர வேண்டும். அந்தத் தொகை வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்ப உயரும். 20 டன் வண்டி என்றால் ஆரம்பத் தொகையிலேயே மணிக்கு 27 ரியலுக்கு மேல். அதைவிட முக்கியம், காசு கொடுக்க வேண்டி வந்தால் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகிலிருந்து கணக்கு இல்லை, வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்தே கணக்கு. வந்த நேரத்துக்கான சான்றை டிரைவருக்குத் தர வேண்டியது கம்பெனியின் கடமை, தராவிட்டால் அபராதம். 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போய், சம்பளத்துக்கு வேலை செய்யும் டிரைவருக்கு லோடுக்காகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்புச் சொன்னது.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத உயரம் இல்லை. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்ற ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. நிற்பதும் உழைப்புதான் என்று அன்றைக்கு நம் சட்டமன்றத்துக்குப் புரிந்தது. காத்திருப்பதும் உழைப்புதான் என்று புரிய வைப்பது அவ்வளவு கஷ்டமா? தொழிலாளர் நலம் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். நுகர்பொருள் வாணிபக் கழக குடோன், டாஸ்மாக் குடோன், மின்வாரிய ஸ்டோர் என்று அரசின் வாசலிலேயே ஏகப்பட்ட லாரிகள் நிற்கின்றன. லாரி ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: வந்த நேரத்துக்குச் சீட்டு, இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங், அதில் பாதி டிரைவர் கணக்குக்கு நேரடியாக. அரசு தன் கேட்டில் முதலில் செய்யட்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் அதையே எடுத்துக்கொண்டு கோவை, திருப்பூர் தொழில் அமைப்புகளிடம் பேச உட்காரலாம். வாடகை உயர்வுக்கு ஸ்டிரைக் நடத்தும் சங்கங்கள், இதையும் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக வைக்கலாம்.

லோடு ஏற்றும்போது கொடுக்கும் எல்.ஆர். ரசீதை எடுத்துப் பாருங்கள். நிறைய ரசீதுகளில் வண்டி வந்த தேதி, நேரம், விட்ட தேதி, நேரம் என்று கட்டம் அச்சிலேயே இருக்கும். என் மாமாவின் பழைய கட்டில் இருந்து நான்கைந்தை எடுத்துப் பார்த்தேன். சரக்கின் எடை கிலோ சுத்தமாக எழுதியிருக்கிறது. அந்தக் கட்டம் எல்லாவற்றிலும் காலியாகவே இருந்தது.